மண்ணீரலில் ஈரம்

ஜனவரி 20, செவ்வாய்

பாலிடெக்னிக் எனக்குக் கொடுத்ததில் உருப்படியான பொருள் இந்த டைரி ஒன்றுதான். அட்டையில் 'வெற்றியாளரின் பாதை' என்று மலாயில் அச்சடித்திருக்கிறார்கள். மூன்றாவது செமஸ்டரில் பாதையை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். டைரியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

அம்மா தெருவில் எல்லாரிடமும் "லோஷினிக்கு செமஸ்டர் லீவு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். போன ஜூனில் ஆரம்பித்த லீவு. அம்மா எதையும் அதனதன் பெயரால் சொல்லமாட்டாள். அப்பா ஜொகூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவதற்கு இந்த வீட்டில் 'வெளியூர் வேலை' என்று பெயர்.

இன்று அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஃபூங் சின்சேயிடம் கூட்டிப்போனேன். புந்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால் சீன மருந்துக்கடை. வைத்தியர், முதலாளி, கல்லாவில் உட்கார்ந்து குதிரைப் பந்தயம் பார்க்கிறவர், எல்லாம் அவர் ஒருவரே. அம்மாவுக்குச் சில மாதங்களாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது. நாலு கவளத்துக்கு மேல் சோறு இறங்குவதில்லை. கிளினிக்கில் வாயு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவள் வேலை செய்யும் கச்சாங் பூத்தே கடையில், அதாவது முறுக்கும் கடலையும் பொரித்து விற்கிற இடத்தில், கூட வேலை செய்யும் பெண்கள்தான் இந்த மேதையின் பெயரைச் சொன்னார்களாம்.

சின்சேயின் மலாய் மார்க்கெட்டில் மீன் வாங்க மட்டும் காணும். அம்மாவின் கான்டனீஸும் அதே அளவு. என்னை ஆறு வருஷம் சீனப் பள்ளியில் போட்டாள் அல்லவா, அங்கே பாடம் மாண்டரினில், சண்டை கான்டனீஸில், அதனால் நான் மொழிபெயர்ப்பாளர். கடைசியில் என் படிப்புக்கு ஒரு வேலை.

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். "பாரு, ஓரத்துல பல்லுப் பதிஞ்சிருக்கு. மேல மாவு பூசின மாதிரி இருக்கு" என்றார் என்னிடம். உடனே அம்மாவைப் பார்த்து, தானே நேரடியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில், மலாயில் ஒரே போடாகப் போட்டார்.

"பாடான் லெம்பாப்!"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்னாடி இவரு, என்னை மக்குங்கிறாரு?"

மலாயில் பாடான் என்றால் உடம்பு, லெம்பாப் என்றால் ஈரம், பிசுபிசுப்பு. ஆனால் இங்கே பள்ளிக்கூடம் போன எவருக்கும் அதற்கு ஒரே பொருள்தான்: மண்டையில் ஒன்றும் ஏறாதவன். வாத்தியார்கள் பிரம்போடு சேர்த்துக் கொடுக்கும் பட்டம். எனக்கு அது கிடைத்ததில்லை. மற்றதெல்லாம் கிடைத்திருக்கிறது.

கான்டனீஸில் விளக்கம் கேட்டேன். 'சப்' என்றார், அதுவும் ஈரம்தான். மண்ணீரல் பலவீனமாம். அது சாப்பாட்டைச் சமைக்கிற அடுப்பாம். அடுப்பு அணைந்தால் தண்ணீர் ஆவியாகாமல் சகதியாகத் தேங்குமாம். உடம்பு கனக்கும், வயிறு உப்பும், மலம் ஒட்டும். தமிழில் அந்த உறுப்புக்கு என்ன பெயர் என்று கேட்டார். "மண் ஈரல்" என்று பிரித்துப் பொருள் சொன்னேன். மேசையைத் தட்டினார். "எங்க ஆளுங்களும் அதை மண்ணுன்னுதான் சொல்றாங்க! உங்க ஆளுங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு." எங்கள் ஆட்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

அம்மாவிடம் சுருக்கினேன். "மக்கு இல்ல. ஈரமாம். உடம்புல ஈரம் தங்கிருச்சாம். அடிக்கடி ஈரமா இருக்கான்னு கேக்குறாரு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். காதில் விழுந்தும் விழாத மாதிரி சொன்னாள்: "ஆமா. அடிக்கடி ஈரமாத்தான் இருக்கு. எப்படிடி கண்டுபிடிச்சாரு?"

கிளி ஜோசியக்காரன் "உங்களுக்கு மனசுல ஒரு கவலை இருக்கும்மா" என்றாலும் இதே வாயைத்தான் பிளப்பாள்.

அப்புறம் கேள்விகள். மலம் எப்படி, காற்று பிரிகிறதா, எத்தனை தடவை, வாசனை உண்டா. இவ்வளவு கௌரவமான வாக்கியங்களை என் வாழ்நாளில் நான் மொழிபெயர்த்ததில்லை. "வயசுப் பொண்ணு கேக்குற கேள்வியாடி இது" என்று அம்மா என்னைத் திட்டினாள். நானா கேட்டேன்?

"மாசம் நின்னுருச்சான்னு கேக்குறாரு."

"நின்னு ரெண்டு வருசமாச்சு. அப்புறம்... அதான் அவரே சொல்லிட்டாரே."

"நின்றுவிட்டது, இரண்டு வருஷம்" என்று அவரிடம் சொன்னேன்.

தாள் பொட்டலங்களோடு வந்தோம். மரத்துண்டு மாதிரி ஒன்று. சாக்கட்டி மாதிரி ஒன்று, பைன் மர வேரில் விளையும் காளானாம். காய்ந்த ஆரஞ்சுத் தோல், என்னைவிட வயதில் மூத்தது என்று பெருமையாகச் சொன்னார். இருபது வருஷம் சும்மா காய்ந்து கிடந்தால் மதிப்பு ஏறும் என்றால் எனக்கும் எதிர்காலம் உண்டு.

ஜனவரி 21, புதன்

மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்றும்வரை மண்சட்டியில் காய்ச்ச வேண்டும். இரும்புச் சட்டி கூடாதாம், மருந்து கோபித்துக்கொள்ளுமாம். வீடு முழுக்க நனைந்த அலமாரி வாடை. அம்மா மூக்கைப் பிடிக்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தீர்த்தமா அது?

ஜனவரி 24, சனி

செவ்வாய்க்கிழமை சின்சே சொன்ன சூப்பு. தாமரை விதை, அந்தச் சாக்கட்டிக் காளான், வெள்ளைக் கிழங்கு வில்லைகள், ஏதோ ஒரு குளத்து விதை. பன்றிக் குடலில் போட்டு வேகவைக்க வேண்டும் என்றார். அம்மா பதறிப்போய் "நாங்க பன்னி சாப்பிடமாட்டோம்னு சொல்லு" என்றாள். மாமா வீட்டுக் கல்யாணத்தில் காட்டுப்பன்றி வறுவலை மூன்று முறை வாங்கியவள். ஆட்டுக்குடலுக்குச் சின்சே இறங்கி வந்தார்.

விலக்க வேண்டியவை: ஐஸ், இளநீர், வாழைப்பழம், பால், இனிப்பு, பச்சைக் காய், பொரித்தது எல்லாம். அம்மாவின் வேலையே நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று முறுக்குப் பொரிப்பது. "பொரிச்சதைத் தின்னக்கூடாது, சரி. பொரிக்கலாமான்னு கேளு" என்றாள். கேட்டேன். சின்சே யோசித்துவிட்டு, "மூக்கால தின்னாம இருந்தா சரி" என்றார். அவருக்கு நகைச்சுவை வேறு வருகிறது.

சூப்பு சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். குடித்தேன். மோசமில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 28, புதன்

என் பேட் பாக்கெட் பாதி காலி. இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர், ஒருத்திக்கு நின்றுவிட்டது. கடையில் வேலை செய்யும் நேப்பாளப் பெண்ணுக்கு அம்மா எடுத்துக் கொடுத்திருப்பாள். போன மாதம் என் ஸ்வெட்டர் அப்படித்தான் போனது. அள்ளிக் கொடுக்க வேண்டும் என்றால் சொந்தப் பொருளைக் கொடுப்பதுதானே.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

அம்மா இந்த வருஷம் கல்லுமலை முருகன் கோயிலுக்கு வரவில்லை. நான் பிறந்ததிலிருந்து ஒரு வருஷம் தவறாமல் பால்குடம் எடுத்தவள். "நீ போயிட்டு வாடி. நான் தூரத்துலேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்றாள். வீட்டுச் சாமி விளக்கைக்கூட என்னை ஏற்றச் சொன்னாள். ஊருக்கே முறுக்குப் பொரித்துக் கால் வீங்கியிருக்கும். முதலாளி தைப்பூசச் சீசனில் ஆட்களைப் பிழிகிற பிழியில் முறுக்கு உரலே வெட்கப்படும்.

நான் போனேன், பக்திக்காக இல்லை. தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப் நன்றாக இருக்கும். என்னோடு படித்த யுகேந்திரன் காவடி தூக்கிக்கொண்டு வந்தான். கணக்கில் பெயில், காதலில் பெயில், முதுகில் மட்டும் இத்தனை கொக்கி. "என்னா லோஷினி, எப்ப திரும்பப் படிக்கப் போற?" என்று அந்தக் கோலத்திலும் கேட்டான். நாக்கில் அலகு குத்திய பிறகு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 5, வியாழன்

சின்சேயிடம் இரண்டாவது தடவை. அம்மா போவதற்கு முன் நாக்கைப் பிரஷால் தேய்த்தாள், பரீட்சைக்குப் போகிற மாதிரி. சின்சே பார்த்ததும் கத்தினார். "தேச்சிட்டியா? படிக்கிறதுக்கு முன்னாடி யாராவது பேப்பரைக் கழுவுவாங்களா?"

நாடி 'வழுக்குகிறது' என்றார். மீன் கையிலிருந்து நழுவுவது மாதிரியாம். முன்னைவிட மெலிந்திருக்கிறாள் என்றார். பொரித்ததை விட்டால் யாரும் மெலிவார்கள் என்றேன். அது தனக்கே தோன்றியது போலத் தலையாட்டினார்.

"ஈரம் இப்ப எப்படி இருக்காம்?" என்று நானே கேட்டுவிட்டேன். அவருடைய பாஷை எனக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது, வெட்கக்கேடு.

"கொறைஞ்சிருக்குன்னு சொல்லு" என்றாள் அம்மா. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "மூணு நாளாச் சுத்தமா இல்ல. காஞ்சு கெடக்கு. அவரு கைராசின்னு சொல்லு."

சொன்னேன். சின்சேயின் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது. பார்லியும் சிவப்புப் பயறும் சேர்த்துக் கொதிக்க வைத்த தண்ணீரைத் தினமும் குடிக்கச் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பொதுவாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத இரண்டு பேர், பரம திருப்தி. நடுவில் நான் கழுதை.

பிப்ரவரி 9, திங்கள்

ஈரம், ஈரம், ஈரம். கடைப் பெண்களிடமும் பரப்பிவிட்டாள். "உங்களுக்கும் ஈரமா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். எனக்கு ஈரமே கிடையாது, அம்மாவைக் கேளுங்கள் என்றேன். "அது உண்மைதான்" என்றாள் அம்மா.

பிப்ரவரி 14, சனி

சீனப் பெருநாள் வருகிறது. கடையில் டின் டின்னாகக் கடலை பறக்கிறது. நான் ஓரிடத்தில் இருந்தால் கை அரிக்கும் என்பதால் அம்மாவோடு போய் டின்னுக்கு மூடி போட்டேன். நடுவில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முறுக்கு கருகியது. அம்மா முறுக்கைக் கருக விட்டு நான் பார்த்ததில்லை. முதலாளி வாயைத் திறக்கும் முன் நானே கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

"வயித்துல ஒரு இழுப்பு. ஒண்ணுமில்ல" என்றாள். வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது. முகம் துவைத்துத் தேய்ந்த துணி மாதிரி. இதுதான் மண்ணீரல் பலமாகிற அழகு போலும்.

பிப்ரவரி 17, செவ்வாய். சீனப் பெருநாள்

எழுதிவிடுகிறேன்.

கடை விடுமுறை. காலையில் நான் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அம்மா குந்தி உட்கார்ந்து பக்கெட்டில் துணி கசக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே வாஷிங் மெஷின் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

"அடுத்த தடவை சின்சேகிட்ட வேற மருந்து கேளுடி. நடுவுல நல்லாக் கேட்டுச்சு. இப்ப மறுபடியும் ஈரமாவுது. முன்னவிட ஜாஸ்தி."

எனக்கு எரிச்சல். "உனக்கு எப்படித் தெரியும், ஈரம் இருக்கா இல்லையான்னு? உள்ள எட்டிப் பாத்தியா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தொவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

பக்கெட்டைப் பார்த்தேன். தண்ணீர், பந்தலில் குடித்த ரோஸ் சிரப் நிறத்தில் இருந்தது.

என் பேட் பாக்கெட். தைப்பூசம். "அதான் அவரே சொல்லிட்டாரே."

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு முன்னாடிலேருந்தே அப்பப்ப. அதான் அவரு மொத நாளே ஈரம்னு கண்டுபிடிச்சிட்டாரே. நான் ஒரு வார்த்தை சொல்லலியேடி, கையப் புடிச்ச ஒடனே சொன்னாரே."

அடுப்பை அணைத்தேன். மோட்டாரை எடுத்தேன். ஹெல்மெட் போடவில்லை, பெருநாளில் போலீஸும் லீவில் இருந்திருக்க வேண்டும்.

சின்சேயின் வீடு கடைக்கு மேல்மாடி. அவர் மனைவி சிவப்புச் சட்டையில் கதவைத் திறந்து, கையில் ஆரஞ்சைத் திணிக்க வந்தார். நான் வாயைத் திறந்ததும் ஆரஞ்சு பின்வாங்கியது. "இன்னைக்கு நோய்ப் பேச்சு எடுக்காத, ஆமோய். வருசம் பூரா நோய் வரும். போயிட்டு நாளைக்கு வா." அவரைத் தாண்டி உள்ளே பார்த்துக் கத்தினேன். பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த சின்சே எழுந்து வந்தார்.

சொன்னேன். அவர் வாயிலிருந்த விதையைத் துப்பினார்.

"நின்னுபோச்சுன்னு நீதானே சொன்ன?"

"நின்னுதான் போச்சு."

"திரும்ப வந்ததை யார் சொல்றது?"

ஈரம் என்கிற வார்த்தைக் கதையைச் சொன்னேன். நான் 'சப்'புக்கு ஈரம் என்றதையும், அதைக் கேட்ட அம்மா வேறு ஈரத்தை நினைத்துக்கொண்டதையும். சின்சே தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "சப்புன்னா அதுவா? நான் நாடி பாக்குறவன். ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறவன் இல்ல! குறைஞ்சிருக்குன்னு வேற சொன்ன, நானும் இளிச்சேன்!" அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டார். "நின்ன பிறகு வர்ற ரத்தத்துக்கு என் கடையில இலையுமில்ல வேருமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நாளைக்குன்னு சொல்லாத. மிச்ச மருந்தைக் கொட்டிடு."

படியிறங்கி நின்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 18, புதன்

நேற்றும் இன்றும் வீட்டில் யுத்தம்.

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில ஆம்பளைங்க பாப்பாங்க. நான் போவல."

"பொம்பள டாக்டர் கேக்கலாம்."

"வாயத் தொறக்காமலே கண்டுபிடிச்ச மனுசன விட்டுட்டு, எல்லாத்தையும் தொறந்து பாத்துக் கண்டுபிடிக்கிறவன்கிட்டப் போவணுமா?"

"அவரு கண்டுபிடிக்கலம்மா. அவரு சொன்னது வேற. ஈரம்ங்கிற வார்த்தை நான் போட்டது. அவருக்கு உன் ரத்தம் பத்தி ஒண்ணுமே தெரியாது."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ யாரத்தான் ஒசத்தியா சொல்லிருக்க? வாத்தியார் முட்டாள், முதலாளி முட்டாள், பூசாரி திருடன். இப்ப சின்சே. உனக்கு எல்லாரும் லெம்பாப்பு."

அந்தப் பட்டியல் சரிதான்.

"சின்சேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாரு" என்றேன்.

அதுதான் நான் சொல்லியிருக்கக் கூடாதது. அம்மாவின் முகம் மாறியது. "கைவிட்டுட்டாரா?" என்றாள். பெரியம்மாவை அப்படித்தான் ஒரு வைத்தியர் "இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாராம். போனவள் வீடு திரும்பவில்லை. "அவரு கைவிட்டாருன்னா அப்புறம் எங்க போயி என்னா? எண்ணெய்ச் சட்டிக்கு முன்னாடியே கெடந்துட்டுப் போறேன். நீ பொய் சொல்ற. அவரு அப்படிச் சொல்லிருக்க மாட்டாரு. அவரு வாயால நான் கேக்கணும்."

பிப்ரவரி 19, வியாழன்

கேட்க வைத்தேன்.

மருந்துக்கடை பெருநாளின் எட்டாம் நாள்தான் திறக்கும். சின்சே பக்கக் கதவை ஓர் ஆள் நுழையுமளவு திறந்துவிட்டார். விளக்குப் போடவில்லை. அம்மா எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு மேசையை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

"ஃபாய் ஹொய் யீயூன்" என்றார். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போ. அவ்வளவுதான். வைத்தியராம்!

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

நான் சொன்னேன்: "உன் மண்ணீரல் நல்லாத் தேறிருச்சாம். மருந்து வேலை செய்யுதாம். ஆனா அந்த ஈரம் எங்கேருந்து ஊறுதுன்னு அவருக்குத் தெரியணுமாம். நாடியில ஒரு அளவுக்குத்தான் தெரியுமாம். ஆஸ்பத்திரியில வயித்த ஸ்கேன்ல வச்சு ஒரு படம் எடுப்பாங்களாம், வலிக்காதாம். அந்தப் படத்த எடுத்துக்கிட்டு நேரா இங்க வரணுமாம். அதப் பாத்துத்தான் அடுத்த மருந்து கட்டுவாராம். பொம்பள டாக்டர்தான் பாக்கணும்னு கேக்கச் சொல்றாரு. ஆஸ்பத்திரிக்காரங்க என்னா கேட்டாலும் மறைக்காம சொல்லணுமாம். அவருகிட்ட மறைக்காத மாதிரியே. நாளைக்கே எடுத்தா நல்லதாம். அவரு காத்துக்கிட்டு இருப்பாராம்."

சின்சே என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொன்னது மூணே வார்த்தை. நீ என்னா இவ்ளோ நீளமாப் பேசுற?" என்றார் கான்டனீஸில்.

"தமிழ் நீளமான பாஷை" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும், கோயில் யானை மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்மா எழுந்து அவரைக் கும்பிட்டாள்.

"சரிடி, நாளைக்குப் போவோம்."

பிப்ரவரி 20, வெள்ளி

ஆஸ்பத்திரி. காத்திருப்பதற்கென்றே கட்டிய கட்டடம். பெண் டாக்டர், என்னைவிட நாலு வயது கூட இருப்பாள். மலாயில் கேட்டாள். அம்மாவுக்கு மலாய் வரும், ஆனால் அந்த வார்த்தைகள் வராது. தரையைப் பார்த்துக்கொண்டு "கொஞ்சம் ஈரம்" என்றாள் தமிழில்.

நான் சொன்னேன். மாதவிடாய் நின்று இரண்டு வருஷம், தீபாவளிக்கு முன்னாலிருந்து ரத்தம், நடுவில் நின்றது, இப்போது அதிகம், அடிவயிற்றில் இழுப்பு, பேட் வைக்கிற அளவுக்கு. எதையும் சுருக்கவில்லை. ரத்தத்தை ரத்தம் என்றே சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். தடித்துப்போயிருக்கிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். வலிக்காது என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது. வெளியே வந்து, "உன் சின்சே இதச் சொல்லலியே" என்றாள். மறந்திருப்பார் என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

கர்ப்பப்பையில் கட்டி. கெட்டது. ஆனால் சுவரைத் தாண்டி வெளியே போன மாதிரி இல்லையாம். எடுத்துவிடலாம், எடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்றாள் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் சூப்பு குடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

சின்சேயிடம் போனேன். ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துத் தலைகீழாகப் பார்த்தார். நான் நேராகத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன். அப்படியும் ஒன்றும் விளங்கவில்லை. "வெட்டின பிறகு வா. வயித்தத் தேத்துறதுக்குக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரன் சரின்னா மட்டும்" என்றார். பூசணி விதைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். அவரை முன்புபோல் திட்ட வரவில்லை. முயற்சி செய்துதான் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

நேற்று ஆபரேஷன். எடுத்தாயிற்று.

அம்மா வெளுத்துக் கிடக்கிறாள். காற்று பிரியும்வரை ஒன்றும் கொடுக்கக் கூடாதாம். குடல் விழித்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளமாம். வெள்ளைச் சட்டை நர்ஸ் கையில் டேப்லெட்டோடு வந்து, "காற்று போனதா?" என்று கேட்கிறாள். எத்தனை மாடிக் கட்டடம், எத்தனை மெஷின்! கடைசியில் எல்லாரும் சின்சேயின் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

உதட்டைப் பஞ்சால் மட்டும் நனைக்கலாம் என்றாள் நர்ஸ். அந்த வேலை எனக்கு.

"படத்தச் சின்சேகிட்ட காட்டினியா?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"காட்டினேன். சரியான நேரத்துல எடுத்தீங்கன்னாரு. ஈரம் எங்கேருந்துன்னு இப்பத்தான் தெளிவாத் தெரியுதாம். நாடியில லேசாத் தெரிஞ்சதாம், ஆனா உறுதியாச் சொல்ல..."

"போதும்டி."

நிறுத்தினேன்.

"நான் புந்தோங்குல பொறந்தவ. இந்தச் சீனங்களோட பஸ்ஸுல போயி வந்தவ. யீயூன்னா ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"மூணு வார்த்தையில ஒண்ணு அது."

"அப்புறம் ஏன் வந்த?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"நீ அவ்ளோ நேரம் பேசுன. ஒரு கிண்டல் இல்ல, ஒரு நக்கல் இல்ல. பொறந்ததுலேருந்து உன் வாயில நான் அப்படிக் கேட்டதே இல்ல. சரி, ஏதோ பெருசுதான்னு பயந்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கார் நிறுத்துமிடம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"உதடு காயுது" என்றாள். "ஈரம் வையிடி."

பஞ்சை நனைத்து வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் காற்று பிரிந்தது. வார்டுக்கே கேட்டது. நர்ஸிடம் சொன்னேன், சின்சேக்கும் போன் போட்டுச் சொன்னேன். இருவரும் ஒரே மாதிரி கத்திச் சந்தோஷப்பட்டார்கள்.

பைத்தியங்கள். அந்த நேப்பாளப் பெண்கூட, என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பார்லித் தண்ணீரோடு வந்தவள், கை தட்டினாள்.

நானும்தான்.